கிணற்றுக் குழாயில் கேட்ட சத்தம்

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதம் நடந்தது இது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கோழிப்பண்ணை இருக்கிறது. பண்ணைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. நடந்த கதை முழுக்க இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

அந்த வருடம் ஜூன் பிறந்தும் வெயில் விட்டபாடில்லை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. தீவனம் கொஞ்சம் தாமதமானால்கூடக் கோழிகள் பொறுத்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் தண்ணீர் நின்றால் கொத்துக் கொத்தாகச் செத்து விழும். அதனால் என் கணவர் எடப்பாடிப் பக்கம் போய், சைடு போர் போடுகிறவர்களைக் கூட்டி வந்தார். கிணற்றின் அடியில் இறங்கி, பாறையில் பக்கவாட்டாகத் துளை போட்டு ஊற்றைத் தேடும் வேலை. கணவன், மனைவி, கூடவே உதவிக்கு ஒரு ஆள் என்று மூன்று பேர் வந்தார்கள். ஆண்கள் இருவரும் கீழே இறங்குவார்கள். மனைவி மேலே நின்று, ஆட்களை இறக்கி ஏற்றும் கிரேனைப் பார்த்துக்கொள்வாள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். வந்த அன்றே "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். எனக்கும் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள்.

அதே சமயம் என் தம்பியும் லீவில் வந்திருந்தான். அவன் கடற்படையில் இருக்கிறான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் வரும் சத்தங்களைக் கேட்பதுதான் அவன் உத்தியோகம். எனக்கோ எதையும் தோண்டித் துருவிக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. ஒவ்வொரு லீவுக்கும் அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக் கொல்வேன். கடலுக்குள் என்னடா கேட்கும், திமிங்கலம் பேசுமா, எதிரிக் கப்பல் வந்தால் எப்படித் தெரியும் என்று. பாதிக்கு மேல் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொள்வான். சொன்ன மீதியே எனக்குப் பெரிய அதிசயம். கடலுக்குள் ஒரு வகை இறால் இருக்கிறதாம், அது கொடுக்கைச் சொடுக்கினால் அப்படி ஒரு சத்தம் வருமாம். அந்த இறால்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் காதை வைத்தால், எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரியே கேட்குமாம். அதை அவன் சொன்ன பிறகு ஒரு வாரம் நான் கடுகு தாளிக்கும்போதெல்லாம் கடலை நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் டிவியைப் போட்டால் ஒரே செய்திதான். ஏதோ ஒரு பெருங்கடலில், மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய சின்ன நீர்மூழ்கி ஒன்று காணாமல் போய்விட்டது. சப்மெர்சிபிள் என்று செய்தியில் சொன்னதும், "மோட்டாரா காணோம்?" என்று கேட்டார் என் கணவர். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்குக் கிணற்று மோட்டார் மட்டும்தான் தெரியும். பிறகு விஷயம் புரிந்ததும் அவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். விமானத்திலிருந்து கேட்கும் கருவிகளைக் கடலில் போட்டிருக்கிறார்கள், அடியிலிருந்து விட்டுவிட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உயிரோடு இருக்கிறார்கள் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "தட்டற சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க. யாரு தட்டறதுன்னு சொல்லலீங்களேக்கா" என்றான்.

இது என்ன அபசகுனம் பிடித்த பேச்சு என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் பொறுமையாகச் சொன்னான். கடலில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. நிற்காமல் ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் காது தானாகவே தள்ளிவிடும். விட்டுவிட்டு வருவதுதான் ஆளை ஏமாற்றும். அதனால் சத்தம் கேட்டதும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இது நம்மிடமிருந்தே வருகிறதா என்பதுதான். தேடப் போன கப்பல்கள் எழுப்பிய சத்தமே திரும்பக் கேட்டிருக்கலாம் என்றான். நான் நம்பவில்லை. நான் அந்தத் தட்டலையே பிடித்துக்கொண்டேன்.

அன்று காலையிலேயே எங்கள் கிணற்றில் ஊற்று உடைத்துக்கொண்டது. பாறைத் துளையிலிருந்து தண்ணீர் கை கனத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது என்று கீழேயிருந்து கத்தினார்கள். என் கணவர் போன் போட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். உதவியாள் மேலே ஏறி வந்துவிட்டார். தங்கச்சியின் வீட்டுக்காரர் மட்டும், துளை போடும் ராடுகளைக் கழற்றி வைத்துவிட்டு வாரேன் என்று கீழேயே நின்றார். நான் டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தென்பக்கத்துக் கரை பொதபொதவென்று சரிந்தது.

மண்ணும் கல்லும் ஒன்றாக உள்ளே இறங்கின. புழுதி அடங்கிப் பார்த்தபோது கிணற்றின் அடி இருந்த இடமே தெரியவில்லை. தங்கச்சி கிரேனை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள். நானும் உதவியாளும் அவளைப் பிடித்து இழுத்தோம்.

எங்கள் கிணற்றின் அடியில் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு பொந்துகள் உண்டு. அந்தக் காலத்தில் ஊற்றுத் தேடிப் பாறையைக் குடைந்தது. ஓர் ஆள் குனிந்து உள்ளே போனால், அங்கே மேடேறி நிமிர்ந்து நிற்கலாம். மண் சரியும்போது தன் வீட்டுக்காரர் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓடியதைத் தங்கச்சி கண்டிருக்கிறாள். எந்தப் பக்கம் ஓடினார் என்பதைப் புழுதி மறைத்துவிட்டது. இரண்டு பொந்துகளின் வாயும் இப்போது மண்ணுக்கடியில்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. கரை மறுபடி சரியும் என்பதால் பொக்லைனைக் கிட்டே கொண்டுவர முடியாது, கையால்தான் தோண்ட வேண்டும் என்றார் அதிகாரி. ஒரு பக்கம் தோண்டும் மண்ணை மறு பக்கம்தான் தள்ள முடியும். ஆக, தோண்டினால் ஒரு பொந்தைத்தான் திறக்கலாம். தப்பான பக்கத்தைத் திறந்தால் சரியான பக்கத்தை இன்னும் ஆழமாக மூடிவிடுவோம். இதற்கு மேல், காலையில் நாங்கள் கொண்டாடிய ஊற்று. எங்கள் மோட்டார் மண்ணுக்கடியில் நசுங்கிக் கிடக்க, தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. தீயணைப்பு வண்டியின் பம்ப் ஓடுகிறவரைக்கும்தான் அது ஓரளவு மட்டுப்பட்டு நின்றது. வேண்டி வேண்டி வரவழைத்த தண்ணீர். அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தம்பி அதிகாரியிடம் போய்த் தன்னைப் பற்றிச் சொன்னான். உள்ளே உயிர் இருந்தால் சத்தம் வரும், எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்லிவிடலாம், ஆனால் பம்பையும் சேர்த்து எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்றான். அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டார். பம்பை நிறுத்தினால் தண்ணீர் ஏறும். அவர் தங்கச்சியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கடைசியில் கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிச் சம்மதித்தார்.

ஒரு ஊரின் வாயை அடைப்பது லேசான காரியமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கூடி நின்ற ஜனங்களை வரப்புக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். செல்போன்களை அணைக்கச் சொன்னார்கள். கோயில் ரேடியோவை நிறுத்த ஓர் ஆள் ஓடினார். பக்கத்துத் தோட்டத்து மோட்டார், பொக்லைன், பைக்குகள் எல்லாம் நின்றன. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் ஒரே சீராகத்தான் வருகிறது, அது கிடக்கட்டும் என்றான் தம்பி. எல்லாம் அடங்கிய பிறகுதான் தெரிந்தது எங்கள் கோழிகள் போடும் கூச்சல். கூட்டத்தைக் கண்டு மிரண்டு, கொட்டகையே பறந்துவிடும் போலக் கத்துகின்றன. அதற்கு எங்கே ஸ்விட்ச் இருக்கிறது? அதிகாரி என்னைப் பார்க்கிறார். தீவனம் போட்டால் கோழி வாய் ஓயும் என்று சொல்லிவிட்டு ஓடினேன். நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தீவனத்தைக் கொட்டினோம். கிணற்றோரத்தில் நோஞ்சான் கோழிகளைத் தனியாக வைத்திருக்கும் சின்னக் கூண்டுக்கும் ஒரு கை அள்ளிப் போட்டேன். கூச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது.

கிணற்றின் மேற்குச் சுவரை ஒட்டி எங்கள் தண்ணீர்க் குழாய் கீழே இறங்குகிறது. பழைய இரும்புக் குழாய். அதன் அடி மண்ணுக்குள் புதைந்திருந்தது. தம்பி மேலே கரையில் குப்புறப் படுத்து, அந்தக் குழாயில் காதை வைத்தான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவன் கையைத் தூக்கினான். முகமெல்லாம் சிரிப்பு. அதிகாரியும் குனிந்து கேட்டார், தலையாட்டினார். மேற்குப் பொந்தில் ஆள் இருக்கிறார், குழாயைத் தட்டுகிறார்! தங்கச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆட்கள் கிரேனில் இறங்கத் தயாரானார்கள். பம்பை ஓட்டப் போகும் அந்த நேரத்தில் நான் போய், ஒரு தடவை நானும் கேட்கிறேனே என்றேன். சந்தேகமெல்லாம் இல்லை, சத்தியமாக வெறும் ஆசைதான். மண்ணுக்கடியிலிருந்து ஒரு உயிர் தட்டுகிறது என்றால் அதைக் கேட்காமல் எப்படி இருப்பது? இந்த நேரத்திலுமா என்று என் கணவர் முறைத்தார். நான் அதைக் கண்டுகொள்ளாமல் குழாயில் காதை வைத்தேன்.

டொக். டொக் டொக். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி டொக் டொக் டொக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நோஞ்சான் கோழிகளுக்குத் தினமும் மருந்து கொடுக்க அந்தக் கூண்டுப் பக்கத்தில் உட்காருகிறவள் நான். அதற்குத் தண்ணீர் வர, இந்தக் கிணற்றுக் குழாயிலிருந்து தனியாக ஒரு இணைப்பு கொடுக்கச் சொன்னதும் நான்தான். கூண்டுக்குள் நிப்பிள் என்று சொல்லும் சின்ன உலோக முனைகள் வரிசையாகத் தொங்கும். கோழி அதைக் கொத்தினால் சொட்டுத் தண்ணீர் வரும். இரண்டு கொத்துக் கொத்தும், அண்ணாந்து விழுங்கும், மறுபடி கொத்தும். தீவனம் தின்றதும் கோழி தேடிப் போவது தண்ணீரைத்தான். தீவனம் போட்டது யார்? நான்.

சொல்வதா, விடுவதா? அங்கே தங்கச்சி எழுந்து நின்று எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சொல்வது தப்பாக இருந்தால் ஒரு உயிர் போகும். சொல்லாவிட்டாலும் போகும். பம்பை இன்னும் போட வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கூண்டுக்கு ஓடினேன். நாலைந்து கோழிகள் நிப்பிளைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு காலிச் சாக்கை எடுத்து, நிப்பிள்களை மறைத்துப் பிடித்தேன். தம்பியைப் பார்த்து, கேள் என்று சைகை செய்தேன். அவன் காதை வைத்தான். நிமிர்ந்தான். சத்தம் நின்றுவிட்டது என்று கையை விரித்தான். சாக்கை எடுத்தேன், கோழிகள் கொத்தின, அவன் தலையசைத்தான். மறுபடி மறைத்தேன். இந்தத் தடவை அவன் முகம் வெளுத்துப்போனது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

விஷயம் பரவியதும் தங்கச்சி என்னிடம் ஓடி வந்தாள். என் கையிலிருந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க்கா, எதுக்குங்க நிறுத்துனீங்க? என்ற ஊட்டுக்காரரு தட்டீட்டு இருந்தாருங்களே" என்றாள்.

அவளுக்கு அது கோழி இல்லை. அந்தக் குழாய் வழியாக அவள் புருஷன் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் வாயை மூடிவிட்டேன். அப்படித்தான் அவள் என்னைப் பார்த்தாள். இன்றைக்கும் அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

தம்பி எழுந்து வந்தான். காலையில் இட்லி தின்றுகொண்டே ஊருக்கு உபதேசம் பண்ணினவன், தானே அதில் விழுந்துவிட்டான். "கேக்கோணும்னு ஆசைப்பட்டுட்டேங்க்கா. நாம கேள்வியே கேக்கலையே, அதுக்குள்ள பதிலுன்னு நெனைச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னான். அதிகாரியிடம் போய், ஒரு கடப்பாரையும் சுத்தியலும் கொடுத்து என்னைக் கீழே இறக்குங்கள், தட்டிப் பார்க்கிறேன், பதில் வந்தால்தான் நம்புவேன் என்றான். தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறியிருந்தது. இதற்கு மேல் பம்பை நிறுத்தி வைக்க முடியாது என்று அதிகாரி தயங்கினார். எந்தப் பக்கம் தோண்டுவது என்று தெரியாமல் பம்பை ஓட்டி என்ன செய்வது என்று தம்பி கேட்டான். அதிகாரி அவன் இடுப்பில் தானே கயிற்றைக் கட்டி இறக்கினார்.

லாரி மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கோளாறு பார்ப்பார்களே, அதே மாதிரி தம்பி கடப்பாரையை மேற்குப் பாறையில் ஊன்றினான். சுத்தியலால் பாறையில் மூன்று தட்டு. பிறகு கடப்பாரையின் நுனியில் காது. ஒன்றுமில்லை. மறுபடி மூன்று தட்டு. ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் நடந்து கிழக்குப் பக்கம் போனான். தட்டினான். கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினான். மேலே என் பக்கத்தில் தங்கச்சி என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கோபத்தில் தள்ளிப் போனவள் எப்போது கிட்டே வந்தாள் என்றே எனக்குத் தெரியாது. அதிகாரி, போதும், பம்பை ஓட்டலாம் என்று கையைத் தூக்கினார். தம்பி மேலே பார்க்காமலே, இன்னும் ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டினான். கடப்பாரையைக் கொஞ்சம் கீழே, தண்ணீருக்குள் மூழ்கியிருந்த பாறையில் ஊன்றித் தட்டினான்.

காதை வைத்தவன் அசையவே இல்லை. பிறகு மறுபடி தட்டினான், இந்தத் தடவை இரண்டு தட்டு. கேட்டான். நிமிர்ந்து எங்களைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். மூன்று தட்டினால் மூன்று, இரண்டு தட்டினால் இரண்டு. எந்தக் கோழிக்கும் அது வராது.

கிழக்கே தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள் ஆளை வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரு கால் உடைந்திருந்தது, உடம்பெல்லாம் சேறு, கழுத்து மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றிருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "கத்திக் கத்தித் தொண்டையே போயிருச்சுங்க. தட்டோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. யாரோ தட்டுனாங்க, அப்பறந்தான் நானும் கல்லெடுத்துத் தட்டுனேன்." தங்கச்சி ஆம்புலன்ஸில் ஏறினவள், திரும்பக் கீழே இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடித்துவிட்டுப் போனாள். என் புடவையெல்லாம் சேறாகிவிட்டது.

கடலில் தொலைந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில நாளில் அந்த நீர்மூழ்கியின் உடைந்த துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். இறங்கிய அன்றே அது நொறுங்கிப்போயிருக்கிறது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. தேடப் போன ஒரு நாட்டுக் கடற்படையின் கேட்கும் கருவிகளில் முதல் நாளே ஏதோ வெடித்தது மாதிரி ஒரு சத்தம் பதிவாகியிருந்ததாம். தம்பி லீவு முடிந்து கிளம்பும் முன் அவனைப் பிடித்துக்கொண்டேன். முதல் நாளே கேட்டிருந்தால் ஏன் அத்தனை நாள் தேடினார்கள்? கேட்டது வெறும் ஒரு சத்தம், நீர்மூழ்கி நொறுங்கியதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆள் இருக்கலாம் என்ற எண்ணம் துளி இருக்கும்வரை யாரும் தேடுவதை நிறுத்த மாட்டார்கள் என்றான். சரி, அப்படியானால் விட்டுவிட்டுத் தட்டியது யார் என்று கேட்டேன். பையை ஜிப் போட்டு மூடியபடியே அவன் சொன்னான்: "அங்கயும் ஏதோ ஒரு கோழி தண்ணி குடிச்சிருக்குமுங்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அந்தத் தட்டலைக் கேட்டு எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி, எங்கள் தங்கச்சி மாதிரியே, கை கூப்பி நின்றிருப்பாள்தானே?

இப்போது அந்தக் கிணற்றுக்குக் கரை கட்டிவிட்டோம். தண்ணீர் நிறையவே இருக்கிறது. தங்கச்சியின் வீட்டுக்காரர் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், ஆனால் வேலைக்குப் போகிறார். தங்கச்சி பொங்கலுக்கும் ஆடிக்கும் போன் போட்டு, கோழியெல்லாம் சௌக்கியமா என்று என்னைக் கிண்டல் செய்கிறாள். நோஞ்சான் கூண்டுப் பக்கம் நான் மருந்தோடு உட்காரும்போது அந்த டொக் டொக் இன்னும் கேட்கிறது, ஒவ்வொரு தடவையும் கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் வீட்டில் யாராவது பேசாமல் ஒதுங்கியிருந்தால், அவர்களுக்கு ஏதாவது என்றால் அவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். மண்ணுக்கடியில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற மனிதருக்கே யாரோ தட்டிய பிறகுதான் தட்டத் தோன்றியது என்று தெரிந்துகொண்டதிலிருந்து, நான்தான் முதலில் போய்த் தட்டுகிறேன்.